வேலைக்குப் போய்வந்த வைக்கோல் கன்று

ராஜபாளையத்தில் ஒரு பழைய பஞ்சு குடோனைப் பிடித்து, பாடம் செய்த விலங்குகளை வைத்து நான் ஒரு கண்காட்சி நடத்தினேன். வனத்துறைக்கு நடையாய் நடந்து அனுமதி வாங்கிய புலித்தலை, செத்த பிறகும் பிரிய மனமில்லாமல் ஒரு வீட்டார் பாடம் செய்து வைத்திருந்த வெள்ளை வேட்டைநாய், ஒற்றைக் கண் போன சண்டைச் சேவல். ஒவ்வொன்றின் கீழும் அது எங்கே வாழ்ந்தது, எப்படிச் செத்தது என்று எழுதிவைத்தேன். சென்னையில் ஓவியம் படித்துவிட்டு வந்தவள் செத்த நாயைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள் என்று தெருவே சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

அந்த வரிசையில் எனக்கு ரொம்பவும் பிடித்தது ஒரு வைக்கோல் கன்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடைக்குப் பால் ஊற்றும் என் பள்ளித் தோழியுடையது. அவள் மாடு ஈன்ற காளைக் கன்று சில நாளில் செத்துப்போக, தோலை உரித்து, வைக்கோலைத் திணித்து, நாலு குச்சியைக் காலாக வைத்துத் தைத்திருந்தார்கள். அதை முன்னால் நிறுத்தினால் மாடு நக்கும். நக்கினால்தான் பால் இறங்கும். பால் நின்றால் மாட்டைச் சந்தைக்கு ஓட்டிவிடுவேன் என்று, லோடு ஆட்டோ ஓட்டும் அவள் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த மாட்டின் மேல் அவளுக்கு உயிர்.

அதனால் கண்காட்சிக்குக் கன்றைக் கேட்க நான் வெறுங்கையோடு போகவில்லை. பதிலுக்கு நானே ஒரு கன்று செய்தேன். உள்ளே பஞ்சு, மேலே வெல்வெட் துணி, கண்ணாடிக் கண், மூக்கில் ஈரம் மின்ன வார்னிஷ். தோழி அசந்துபோனாள்.

"ஏட்டி, எங்க கன்னைவிட இது எம்புட்டு அழகா இருக்கு! நீ அதைக் கொண்டு போ, மாடு இதை நக்கட்டும்."

திறப்பு நாள் காலையில் பால் கறந்து முடித்ததும் கன்றைக் கொண்டுவந்து மேடையில் நிறுத்தினேன். மாலையில், ஆட்கள் வரத் தொடங்கிய நேரம் பார்த்து அவளிடமிருந்து போன்.

"உன் கன்னை மோந்து பார்த்துச்சு. பொறவு ஒரே எத்து, வாளி அங்கிட்டுப் போய் விழுந்துச்சு. மடி கல்லு மாதிரி இருக்கு, சொட்டு இறங்கல. இவிய சந்தைக்கு ஓட்டக் கயித்தை அவுக்க நிக்காவ ஏட்டி!"

என் கலைக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அந்த எத்துதான். ஆனால் அவள் அழுகிறாள் என்று தெரிந்ததும் மேடையிலிருந்து கன்றை இறக்கினேன். உடனே ஆட்டோவை அனுப்பச் சொன்னேன்.

அவள் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். கன்றை ஏற்றினோம். காலி மேடையில் 'பால் கறக்கும் வேலைக்குப் போயிருக்கிறது, வந்துவிடும்' என்று ஒரு அட்டையை வைத்துவிட்டு நானும் ஏறிக்கொண்டேன். தொழுவத்தில் இறக்கியதும் மாடு கன்றின் நெற்றியை நக்க ஆரம்பித்தது. நக்கி நக்கி அந்த இடத்தில் ஏற்கனவே முடியே இல்லை. வாளியில் பால் சர்ரு சர்ரென்று விழுந்தது. தோழி மாட்டின் விலாவில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

அதன் பிறகு கண்காட்சி முடியும்வரை கன்று காலையும் மாலையும் வேலைக்குப் போய்வந்தது. புலியைப் பார்க்க வந்தவர்கள்கூடக் காலி மேடையைச் சுற்றித்தான் நின்றார்கள். கிருஷ்ணன்கோவில் கல்லூரிப் பிள்ளைகள் பைக்கில் ஆட்டோவின் பின்னாலேயே தொழுவம்வரை வந்தார்கள். முகத்தைத் தூக்கி வைத்திருந்த மனிதர் இப்போது, "பார்த்துப் பிடிங்கப்பா, கால் ஆடுது" என்று அவர்களை அதட்டினார். வெயில் படக்கூடாது என்று கன்றுக்குத் தன் துண்டைப் போர்த்தவும் செய்தார். நான் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டு சிரித்தேன்.

கடைசி நாள் தோழியும் குடோனுக்கு வந்தாள். புலியையும் நாயையும் சேவலையும் நின்று நின்று பார்த்தாள்.

"அம்புட்டும் நல்லாருக்கு ஏட்டி. ஆனா இதுகளைத் தேட யாருமில்லையே" என்றாள்.

கன்றை ஏற்றிக்கொண்டு மூவரும் கிளம்பினோம். அவர்கள் தெருவுக்குள் ஆட்டோ திரும்பிய சத்தத்துக்கே தொழுவத்திலிருந்து மாடு கத்தியது.

"அப்போ சந்தைக்கு என்னைக்கு ஓட்டப் போறிய?" என்று தோழி வேண்டுமென்றே வீட்டுக்காரரைச் சீண்டினாள்.

அவர் காதில் வாங்காமல், கன்றை இரண்டு கையாலும் அணைத்து இறக்கி மாட்டின் முன்னால் நிறுத்தினார்.

"இந்தா, உம் மவன் வேலை முடிஞ்சு வந்துட்டான். இனிமே எங்கயும் போக மாட்டான்" என்றவர், மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "நீயுந்தான்."