ஒரு கட்டமும் வெறுமையாக இல்லாத மழைக் கொப்பி

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, வேலைத்தலத்தில் ஒரு அழுத்தமானியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா தொலைபேசியில் அழைத்தார். "செபமாலை அண்ணை மோசம் போயிட்டாரடா. வேலைக்குப் போன மர ஆலை முற்றத்திலையே விழுந்திட்டார். நெஞ்சு." நான் கேட்ட முதல் கேள்வி, "இண்டைக்குக் காலமை மழை அளந்தவரோ?" அப்பா "நீயெல்லாம் ஒரு மனிசனோ?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அண்ணையை அறிந்த உங்களுக்கு அந்தக் கேள்வி விளங்கும். ஏழு மாதமாக நான் அவரோடு கதைக்கவில்லை என்பதும் தெரிந்திருக்கும். ஏன் என்று தெரியாதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். செத்தவரைப் பற்றி நல்லதை மட்டும் சொல்ல எனக்கு வராது.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், மேட்டு நிலத்தில் இருக்கிறது எங்கள் கிராமம். அதன் மேற்கு ஓரம் முழுக்கக் கல். இரண்டாம் உலகப் போர் முடிந்து கிழக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்த ஜேர்மன் குடும்பங்களுக்கு அந்தக் காணித் துண்டுகளைத்தான் கொடுத்தார்கள். அவர்கள் கல் பொறுக்கி, அந்தக் கல்லாலேயே மதில் கட்டி, உருளைக்கிழங்கு போட்டார்கள். அவர்களில் ஒருவர் கிரவுசே. புது மண்ணில் மழையும் உறைபனியும் எப்போது விழும் என்று ஊர்க்காரர் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அதனால் தானே எழுதத் தொடங்கினார். தோட்டத்தில் ஒரு மழைமானி, காலை ஏழு மணி, கொப்பியில் நாளுக்கு ஒரு கட்டம். எண்பதுகளில் அகதிகளாக வந்த எங்கள் ஐந்து குடும்பங்களையும் அதே ஓரத்தில்தான் குடிவைத்தார்கள். மன்னாரிலிருந்து வந்த செபமாலை அண்ணைக்குக் கிரவுசே வீட்டு மேல்மாடி. கிழவருக்கு முழங்கால் மடங்காமல் போனபோது கொப்பி அண்ணையின் கைக்கு வந்தது. "ஊர்க்காரரிட்டைக் குடுக்கேல்லை பார். வந்தவனிட்டைத்தான் குடுத்தவன்" என்பார் அண்ணை.

பதினெட்டு வருடம் எழுதினார். ஒரு நத்தார்ப் பண்டிகைக் காலையில் நாங்கள் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். மழைமானியில் நிரம்பியிருந்த பனியை உருக்கித்தான் அளக்க வேண்டும். அண்ணையின் மனைவி றீற்றா அக்காவின் ஆட்டிறைச்சிச் சட்டி கீழே இறங்கியிருந்தது. அடுப்பில் வெந்நீர்ச் சட்டிக்குள் மழைமானிக் குழாய் நின்றது. "இது வீடோ, ஆய்வுகூடமோ?" என்று அக்கா அகப்பையைத் தூக்கினார். "இறைச்சி காத்திருக்கும் றீற்றா. பனி காத்திராது" என்றார் அண்ணை. அப்பாவும் நானும் ஒருவரையே அண்ணை என்று கூப்பிட்டோம், அக்கா அதைச் சொல்லியே எங்களைப் பகிடி பண்ணுவார். அன்று எல்லோரும் இரண்டு மணிக்குத்தான் சாப்பிட்டோம். அந்த மனிதரின் எண்ணில் பிழை இருக்கும் என்று நான் எப்படி நினைப்பேன்?

போன வருடம் கிராமத்தின் வரலாற்றுப் புத்தகத்துக்கு ஒரு குழு போட்டார்கள். தீயணைப்புப் படை, தேவாலய மணி, மாட்டு இனம் எல்லாம் இருந்தன. எங்களைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. நான் குழுவிடம் போய்ச் சண்டைபிடித்து இரண்டு பக்கம் வாங்கினேன். கிரவுசேயின் எண்களும் அண்ணையின் எண்களும் ஒரே வரைபடத்தில். துரத்தப்பட்டு வந்த இரண்டு பேர் ஒரு கிராமத்தின் வானத்தை எழுதிவைத்த கதை. நான்கு மாதம், வேலை முடிந்து வந்து, கொப்பிகளைக் கணினியில் ஏற்றினேன்.

ஒக்டோபரில் கிராம மண்டபத்தில் திரையில் போட்டுக் காட்டினேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கையை உயர்த்தினார். "ஓகஸ்டில் உங்கள் யாத்திரை பஸ் என் வீட்டு வாசலில்தான் நின்றது. வெள்ளி பின்னேரம் போய் ஞாயிறு இருட்டத்தான் வந்தீர்கள். சனி காலை ஏழு மணிக்கு அளந்தது யார்?"

திரையில் சனிக்கிழமைக்கு எண் இருந்தது. ஞாயிறுக்கும் இருந்தது. கேவலார் ஊர் மாதா கோயிலுக்குப் போன அந்த பஸ்ஸில் நானும் இருந்தேன். எண்ணை ஏற்றிய எனக்கே அது உறைக்கவில்லை. மூன்றாம் வரிசையில் இருந்த அண்ணையைப் பார்த்தேன். எழும்பி, "என் மனைவி அளந்தார்" என்று ஜேர்மன் மொழியில் சொன்னார். ஆசிரியை சிரித்தார். "உங்கள் மனைவி பஸ் ஜன்னலால் எனக்குக் கை காட்டினாரே."

இரண்டு பக்கத்தையும் எடுத்துவிட்டார்கள். புத்தகத்தில் இன்று எங்களுக்கு இருப்பது ஒரு வரி: பின்னாளில் சில வெளிநாட்டுக் குடும்பங்களும் வசித்தன.

அடுத்த நாள் அவருடைய குசினியில் நின்று கேட்டேன். "எத்தினை நாள் அண்ணை இப்பிடி?"

"ஒவ்வொரு வருசமும் யாத்திரைக்குத்தான். வந்து பாப்பன், கிடக்கிற தண்ணியைப் பிரிச்சுப் போடுவன். களவெடுக்கேல்லைத்தானே."

"அளக்காத நாளை விட்டிட்டு, அடுத்த கட்டத்திலை மூண்டு நாள் சேர்த்து எண்டு எழுதலாம். அதுக்கு முறை இருக்கு."

"கட்டத்தை வெறுமையா விடுறதோ?" அவர் உண்மையாகவே திகைத்தார். "வந்த புதிசிலை அன்ட்ராக்கிலை, அகதி விண்ணப்பத்திலை, ஒரு கட்டம் வெறுமையா விட்டனான். எந்த எல்லையாலை வந்தனீ எண்டு கேட்டிருந்தது. எனக்கே தெரியாது, விட்டிட்டன். படிவத்தைத் திருப்பி அனுப்பினாங்கள். மூண்டு வருசம் இழுபட்டன், தம்பி. ஜேர்மன்காரனுக்கு வெறுங்கட்டம் காட்டக்கூடாது."

"வெறுங்கட்டம் பிழையில்லை. பொய்க் கட்டம்தான் பிழை."

"அது இஞ்ச படிச்ச உனக்கு."

றீற்றா அக்கா ஊற்றி வைத்த தேநீரைத் தொடாமல் வந்தேன். பிறகு தெருவில் கண்டால் மறுபக்கம் போனேன். அவர் இரண்டு முறை கூப்பிட்டார். நான் திரும்பவில்லை.

இறந்த நாளன்றும் அவர் அளந்திருந்தார். மாலையில் நான் போய்க் கொப்பியைப் பார்த்தேன். மறுநாளிலிருந்து ஒரு புதுக் கொப்பியில் நான் அளந்து எழுதத் தொடங்கினேன். யாரும் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் றீற்றா அக்கா பழைய கொப்பிகளை ஒரு பையில் போட்டுத் தந்தார். "உனக்குக் குடுக்கச் சொன்னவர். மாரி முழுக்க உதோடைதான் இருந்தவர்." திறந்தேன். சில கட்டங்களைச் சுற்றிப் பென்சிலால் வட்டம். யாத்திரை நாட்கள் எல்லாம் இருந்தன. அவை மட்டும் அல்ல. அவருடைய மகள் பிறந்த அன்று. மன்னாரில் தாய் செத்த செய்தி வந்த கிழமை. முதுகு பிடித்துப் படுத்த நாட்கள். யாத்திரைக்குத்தான் என்று என் முகத்துக்கு நேரே சொன்ன மனிதர். கடைசிக் கொப்பியில், நான் தேநீர் குடிக்காமல் போன நாளுக்கு அடுத்த இரண்டு நாளிலும் வட்டம். வீட்டில்தான் இருந்திருக்கிறார். வெளியே போய் அளக்கவில்லை. ஆனாலும் எண் போட்டிருக்கிறார்.

எனக்கு இன்னும் கோபம்தான். இந்த வட்டங்களை ஒக்டோபரில் போட்டிருந்தால் எங்கள் இரண்டு பக்கமும் நின்றிருக்கும். புத்தகம் அச்சாகிவிட்டது. இனி வட்டமில்லாத எண்களை யாரும் நம்பலாம் என்று நான் சொன்னால் கேட்க யார் இருக்கிறார்கள்?

பையை மூடும்போது அக்கா புதுக் கொப்பியைக் காட்டினார். அடக்கத்தன்று காலை ஏழு மணிக்கு நான் ஸ்டுட்கார்ட் ரயில் நிலையத்தில், பாரிசிலிருந்து வந்த அண்ணையின் தம்பியை ஏற்றிக்கொள்ள நின்றேன், அளக்கவில்லை. நல்ல மழை.

"நேற்றையான் கட்டம் வெறுமையாக் கிடக்கு, தம்பி. ஏதாவது எழுதிவிடன். அவர் கண்டா ஏசுவார்."

"ஏலாது அக்கா."

அடுத்த கட்டத்தில் பதினொன்று தசம் நாலு மில்லிமீற்றர் என்று எழுதி, பக்கத்தில் 'இரண்டு நாள் சேர்த்து' என்று போட்டிருந்தேன். அவரை மண்ணுக்குள் வைத்தபோது எங்கள் குடைகளில் விழுந்த மழை அதற்குள் இருக்கிறது. கொப்பிகளை நான் வைத்திருக்கிறேன். அவரை அடக்கம் செய்த நாளின் கட்டம் வெறுமையாக இருக்கிறது.