புளியங்கொட்டைப் போர்வை

நிந்தவூரில் எங்கள் ஒழுங்கைக்குள் சரீபாவின் கோபத்தைக் குறை சொல்லாதவர்கள் இல்லை. சொல்லட்டும். நான் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி. அந்தக் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு.

சுனாமியில் அவளுடைய கடற்கரை வீடு போனது, மூத்தவன் முர்ஷித் போனான். அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்த சின்னவள் அஸ்னாவை மட்டும் ஒரு வேலிக் கம்பியிலிருந்து உயிரோடு எடுத்தார்கள். வயல் பக்கம் குடிவந்த பிறகு சரீபா தையல் மெஷின் மிதித்துத்தான் பிள்ளையை வளர்த்தாள். நாலைந்து வருசத்தில் அஸ்னா ஒருவாறு தூங்கப் பழகியிருந்தாள். அதையும் கெடுத்தார்கள். நாட்டில் சண்டை முடிந்ததென்று ரோட்டில் வெடி கொளுத்தினார்கள். முடிந்தால் முடிந்தது என்று வாயால் சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே? அன்றோடு பிள்ளையின் தூக்கம் போனது.

"உம்மா, எனக்கு மேல பாரமாக் கிடங்க" என்று அழுவாள். தாய் மேலே சாய்ந்து கிடந்தால் நடுக்கம் அடங்கும். தாய் எழுந்தால் பிள்ளையும் எழும்பிவிடும். எத்தனை நாளைக்குத்தான் ஒருத்தி அப்படிக் கிடப்பாள்? பாரமான போர்வை ஒன்று தைப்பதென்று சரீபா முடிவெடுத்தாள்.

பாரத்துக்கு உள்ளே என்ன போடுவது? புருசன் மசூர் நல்ல மனுசன்தான், மூளைதான் கொஞ்சம் பிந்தி வரும். ஒரு பை நிறையக் கடல் மணலை அள்ளிக்கொண்டு வந்தான்.

"கடல அள்ளி என்ட புள்ளைக்கு மேல போடச் சொல்றீங்களா?"

பையை அப்படியே ரோட்டில் கொட்டினாள். நெல் போட்டால் எலி வரும். கடைசியில் புளியங்கொட்டைதான் சரிவந்தது. புளி உடைக்கும் வீடுகளில் வாங்கி, கழுவிக் காயவைத்துக் கொடுத்தது நான்.

துணிக்கு அவள் அலுமாரியைத் திறந்து ஒரு புடவையை எடுத்தாள். முர்ஷிதின் மையித்தைச் சுற்றி அடக்கவென்று வாங்கிய கபன் புடவை அது. பிள்ளையின் உடல் கிடைக்கவேயில்லை. மடித்த வெள்ளைத் துணி அப்படியே கிடந்தது. அதை விரித்து வெட்டினாள். கட்டம் கட்டமாகத் தைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பிடி கொட்டை போட்டு வாயை மூடினாள். இல்லாவிட்டால் எல்லாம் கால்மாட்டில் போய்க் குவிந்துவிடும்.

அன்று பகல் அஸ்னா அதைத் தலைக்கு மேலால் இழுத்து மூடிக்கொண்டு அசையாமல் தூங்கினாள். அந்நேரம் பார்த்து மசூரின் தாய் சபியா உம்மா வந்தாள். பிள்ளை கிடந்த கிடையைக் கண்டதும் செத்துவிட்டதென்று நினைத்து "இன்னாலில்லாஹி" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து குறட்டை கேட்டது. அதோடு அழுகை ஏச்சாக மாறியது.

"உசிரோட இரிக்கிற புள்ளைக்குக் கபன் போட்டிரிக்காய்! ஒனக்குப் பைத்தியமா? கொண்டா, பத்த வைக்கிறன்."

போர்வையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். பிள்ளை முனகியது. சரீபா மறு முனையைப் பிடித்தாள். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குச் சொந்தம். அதை மாமிக்குச் சொல்ல அவள் தயங்கவில்லை.

"விடுங்க மாமி, இது என்ட ஊடு! நல்லாப் பாருங்க. கபனுக்கு ஆரும் மெஷின் தையல் போடுவாங்களா? மகனுக்கு உடுத்திவிட எனக்கு மையித்தே கிடைக்கல்ல. இவ்வளவு தையலும் இவள் உசிரோட இரிக்கிறாள் எண்டுதான் போட்டன்!"

சபியா உம்மா குனிந்து தையலைத் தடவிப் பார்த்தாள். முர்ஷித் அவளுக்கும் பேரன். இழுத்த முனையைப் பிள்ளையின் காலுக்குக் கீழே செருகிவிட்டு, மருமகளைப் பார்த்து முறைத்தாள்.

"அப்ப என்னத்துக்குக் கத்துறாய்? மெதுவாக் கதை. புள்ள எழும்பிரும்."