ஐந்து நகக்காரன்

சமர்கந்தில் மஸ்தூரா வாயைத் திறந்தால் தெருவே காதைப் பொத்திக்கொள்ளும். ரொட்டிக்காரனோடு சண்டை, குழாய்க்காரனோடு சண்டை, எல்லாருக்கும் மேலாகப் புருஷன் நார்முராதோடு சண்டை. அதுவும் ஓர் ஆமையை முன்னிட்டு! வாலிபத்தில் அல்ஜீரியாவுக்கு எரிவாயுக் குழாய் பதிக்கப் போனவர், கோட்டுப் பையில் அதைக் கொண்டுவந்திருந்தார். அரபு தேசத்திலிருந்து வந்ததால் பெயர் ஹாஜி. குளிர்காலம் முழுக்க அடுப்போரத்தில் விளக்குப் போட்டு வைத்திருப்பார்.

“ஊர்ல இருக்கிற ஆமையெல்லாம் நிலவறையில தூங்குது. உங்க ராசாவுக்கு மட்டும் விளக்கா?” என்பாள்.

“அது வேற மண்ணுடி” என்பார். அதற்குமேல் அவரைப் பேச இவள் விட்டால்தானே!

இலையுதிர் காலத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். பிள்ளையும் இல்லை. அவர் விட்டுப்போனது என்று மஸ்தூராவுக்கு ஹாஜி ஒன்றுதான் மிச்சம். முதல் பனி விழுந்ததும் ஊர் வழக்கப்படி உலர்ந்த மண் நிரப்பிய ஆழமில்லாத பெட்டியில் அதை வைத்தாள். சமையலறையிலிருந்து சரிவாக இறங்கும் நிலவறைக்குள் கொண்டுபோய் விட்டுக் கதவைத் தாழிட்டாள். பத்திரமாகத் தூங்கும் என்றுதான் மனதார நம்பினாள், பாவி.

வியாழன் சாயங்காலம் இறந்தவர்கள் வீடு தேடி வருவார்கள் என்பது ஊர் நம்பிக்கை. காயும் எண்ணெயின் வாசனையிலேயே பசியாறிப் போவார்கள். மஸ்தூரா சட்டியை ஏற்றி மாவைத் தட்டிப் போட்டாள். அப்போதுதான் கேட்டது. நிலவறைக் கதவில் சுரண்டல். சரக்... சரக்...

கரண்டியோடு கதவுப் பக்கம் திரும்பினாள். “நீங்களா?” என்றாள். மறுபடியும் சரக்.

“நான் பேசினதையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க. நிம்மதியா போங்க” என்று தெரிந்த துவாவெல்லாம் ஓதினாள். கதவைத் திறக்கவில்லை. செத்தவர் முகத்தைப் பார்க்க யாருக்குத் துணிச்சல் வரும்?

அடுத்தடுத்த நாட்களிலும் கேட்டது, வரவர மெதுவாக. அவள் இன்னும் நிறைய சுட்டாள், இன்னும் நிறைய ஓதினாள். பிறகு சத்தம் நின்றுவிட்டது. மனுஷனுக்கு மனசு ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

உயிரியல் பூங்காவில் கால்நடை மருத்துவராக இருக்கும் பக்கத்து வீட்டு ரஷீதா ஒருநாள் தேநீர் குடிக்க வந்தாள்.

“ஹாஜியை அடுப்போரம் காணோமேக்கா?”

“நிலவறையில தூங்குறான்.”

ரஷீதா கோப்பையைக் கீழே வைத்தாள். “முன்னங்கால்ல எத்தனை நகம்?”

“அஞ்சு. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் எண்ணிக் காட்டுவாரே மனுஷன்.”

“தொடையில முள்ளு?”

“இருக்கு. ஏன்டி?”

“ஐயோ அக்கா! நம்ம புல்வெளி ஆமைக்கு நாலு நகம்தான். அதுதான் மாசக்கணக்கா தூங்கும். இது முள்ளாமை. அதுலயும் மலைப்பக்கத்துக் கிளை பனியைத் தாங்கும். அல்ஜீரியாக் கடலோரத்துக் கிளைக்கு நம்ம குளிர் ஆகவே ஆகாது. சூடும் வெளிச்சமும் இருந்தாத்தான் பிழைக்கும்.”

மஸ்தூரா தாழை இழுத்தாள். சமையலறைச் சூடு கசியும் கதவிடுக்கில் தலையை ஒட்டி ஹாஜி கிடந்தது. முன்னங்கால் நகங்கள் தேய்ந்திருந்தன. பலகையின் அடிப்பக்கம் முழுக்க வெள்ளைக் கீறல்கள். ரஷீதா அதை மடியில் வைத்துத் தேய்த்தாள், சூடு காட்டினாள், கண்ணைத் திறந்து பார்த்தாள். கடைசியில் உயிரில்லை என்று தலையை ஆட்டினாள்.

“தெரியாமத்தானேக்கா செஞ்சீங்க” என்றாள்.

மஸ்தூரா தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்தத் தெருவே பயந்த குரல் எங்கே போனதோ, முணுமுணுப்பாகத்தான் வந்தது.

“அவர்னு நெனச்சேன்டி. அவராவே இருந்தாலும், நான் கதவைத் திறந்திருக்க வேணாமா?”