முதுகக்கா

முதலில் மூக்கைத்தான் உள்ளே அனுப்புவார். படுக்கையறை வாசலில் நின்று ஒரு மூச்சு இழுத்துப் பார்த்த பிறகே காலெடுத்து வைப்பார். "வாடை மாறியிருக்கு, டாக்டருக்குப் போன் போடுங்க" என்றால் கட்டுக்கு அடியில் சீழ் இருக்கும். தப்பியதில்லை.

வீடு வீடாகப் போய்ப் படுக்கைப்புண்ணுக்குக் கட்டுப்போடும் நர்ஸ் அவர். ஊர் வைத்த பெயர் முதுகக்கா. "முகத்தைப் பார்த்தா ஆளே தெரியாதுங்க, திரும்பிப் படுத்தாத்தான் ஞாபகம் வரும்" என்று அவரே சிரிப்பார். புண்ணோடு பேசுகிற பழக்கமும் உண்டு. "என்னடா, இன்னைக்காவது ஒழுங்கா இருக்கியா?" என்று கேட்க, குப்புறக் கிடப்பவர் பாவம், "இருக்கேங்க" என்பார்.

வாதம் வந்து விழுந்த பஸ் டிரைவர் ஒருவருக்கு, முதுகெலும்பு முடிகிற இடத்தில் எலுமிச்சை அளவுக்குக் குழி. மனைவி புண் காயட்டுமென்று அதில் டப்பா டப்பாவாகப் பவுடரைக் கொட்டியிருந்தார். முதுகக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டார்.

"என் கையாலயே அவரைக் கொன்னுட்டேன்."

"பவுடரை மட்டும் கொன்னுடுவோம்மா. அவர் இருக்கட்டும்."

டாக்டர் வந்து அழுகிய சதையை நீக்கினார். அதன்பின் தினமும் உப்புநீரில் கழுவுவது, பஞ்சுக்குச்சியால் ஆழம் பார்ப்பது, கட்டுவது முதுகக்காவின் பாடு. இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைப்பது மனைவியின் பாடு. "ஒரே இடம் அழுந்தினா ரத்தம் ஓடாது. நான் கட்டுறது கால்வாசி, நீங்க புரட்டுறதுதான் முக்கால்வாசி."

சதை செக்கச்செவேலென்று அடியிலிருந்து ஏறி வந்தது. இரண்டாம் மாதம் காய்ச்சல் கண்டு, டிரைவர் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பியபோது, குழி பழையபடி வாயைப் பிளந்திருந்தது. மனைவி சுவரோடு சாய்ந்துவிட்டார். முதுகக்கா பையைத் திறந்தார். கண்ணாடித்தாளை முதுகின்மேல் பிடித்து, புண்ணின் ஓரத்தைப் பேனாவால் புதிதாக வரைந்து, தேதி போட்டார். "இன்னைக்கு முதல் நாள்" என்றார்.

ஏழாம் மாதம் புண் மூடியது. மனைவி அப்போதும் கதவருகிலேயே நின்றார். கணவரைப் புரட்டிய இத்தனை மாதமும் அந்த இடத்தின்மேல் விரல் படாமல் பார்த்துக்கொண்டவர்.

"வலிக்குமோ என்னமோ..."

முதுகக்கா அவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, ரோஜா நிறத்தில் மின்னிய அந்தப் புதுத்தோலின்மேல் மெல்லப் பதித்து, தன் கையை எடுத்துக்கொண்டார்.