சேற்றுக்கும் ஒரு பட்டை

எரிமலையே இல்லாத கோயமுத்தூரில் உட்கார்ந்து எரிமலைச் சாம்பல் தேடுவது என் வேலை. எங்கோ வெடித்த எரிமலையின் சாம்பல் காற்றில் வந்து, கடலோரச் சதுப்புச் சேற்றில் மெல்லிய அடுக்காகப் படிந்திருக்கும். குழாயை இறக்கிச் சேற்றை எடுத்து வந்து அந்த அடுக்கைக் கண்டுபிடித்துக் காட்ட வேண்டும். மூன்று வருடமாக ஒன்றும் அகப்படவில்லை. "இந்தக் குழாயிலும் இல்லைன்னா தலைப்பை மாத்திரலாம்மா" என்றுவிட்டார் என் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர். 'இதனால என்ன பிரயோசனம்?' என்ற கேள்விக்குத் தினமும் பதில் சொல்லும் அன்பர்களே, என் கதையையும் கேளுங்கள்.

பஸ்ஸில்

கடலோரத்தில் சேறு எடுத்த அரை மீட்டர் குழாயை மடியில் வைத்துக்கொண்டு காந்திபுரம் வந்துகொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் பல்லடத்து விவசாயி ஒருவர். குழாயில் மண்ணைப் பார்த்ததும், "எத்தனை அடியிலீங்க தண்ணி?" என்றார். ஓரடியிலேயே தண்ணீர், ஆனால் உப்பு என்றேன். அவர் பெருமூச்சு விட்டார்.

"உப்பா இருந்தா என்னங்க, எங்க தோட்டத்துல ஆயிரம் அடி போர் போட்டும் பொகைதானுங்க வந்துது!"

ஃப்ரிட்ஜில்

அன்று ஞாயிறு, லேப் பூட்டு. சேறு காயக்கூடாது. ஆர்.எஸ்.புரத்தில் என் வீட்டு ஓனரம்மா தன் ஃப்ரிட்ஜில் மாவுக்கு மேல் தட்டில் இடம் கொடுத்தார், நிபந்தனையோடு.

"மாவு புளிக்காது கண்ணு. உன்ற சேறு புளிச்சுப்போட்டா என்னயக் கேக்கப்புடாது."

லேபில்

மறுநாள் குழாயை நெடுக்காகப் பிளந்தேன். ஒரு பாதியைப் பாலிதீனில் சுற்றி வைத்தேன். மூட மறந்த மறுபாதி மேசையில் திறந்தே கிடந்தது. அடுத்து ஆயுத பூஜை விடுமுறை.

விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், கறுப்புச் சேற்றின் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு! பேராசிரியருக்குப் போன் போட்டேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வந்தார். எரிமலைச் சாம்பல் என்றால் மைக்ராஸ்கோப்பில் கண்ணாடிச் சில்லுகள் தெரியும். அந்தக் கோட்டில் ஒன்றுகூட இல்லை. அப்போது லேப் உதவியாளர் பழனிச்சாமி அண்ணன் பொரியோடு வந்தார்.

"பூசைக்கு எல்லா மிசினுக்கும் துண்ணூத்துப் பட்டை போட்டனுங்க மேடம். உங்க சேத்துல மூணு போட எடம் பத்தலீங்க, ஒண்ணு போட்டு உட்டேன். கறை ஆயிருமுன்னு குங்குமம் வெக்கலீங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பேராசிரியர், சுற்றி வைத்திருந்த மறுபாதியை எடுத்து விரற்கடை விரற்கடையாகச் சுரண்டிப் பார்க்கச் சொன்னார். சாயங்காலம் அடிப்பகுதியில் ஒரு துளியில், மைக்ராஸ்கோப்புக்குக் கீழே, பளபளவென்று கண்ணாடிச் சில்லுகள்! நான் போட்ட கூச்சலில் பழனிச்சாமி அண்ணன் ஓடி வந்து பார்த்தார். அவருக்கு ஆச்சரியமே இல்லை.

"பூசை போட்டாத்தானுங்க மேடம் எதுவும் ஓடும். நீங்க மூணு வருசமா அதைப் போடாமயே ஓட்டிப்போட்டீங்க."

ஆய்வேட்டின் செய்முறைப் பகுதியில் இதை எழுதவில்லை என்றாலும், இப்போதெல்லாம் கடலோரம் கிளம்பும்முன் குழாய்க்கு ஒரு பட்டை போட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன், வெளிப்பக்கம் மட்டும்.