மச்சினன் பிடித்த கயிறு

எங்கள் கரையில் சங்கு குளிக்கக் கடலில் இறங்குகிறவனின் இடுப்புக் கயிற்றை அவன் மச்சினன்தான் பிடிப்பான். கூடப்பிறந்த தம்பிக்குக்கூட அந்த உரிமை கிடையாது. அண்ணன் போனால் தம்பிக்கு வள்ளம் வரும். மச்சினனுக்கோ அக்காளின் தாலி போகும். மனுஷனை மனுஷன் சந்தேகப்பட்டு வைத்த வழக்கம் என்று படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என் அக்காள் புருஷனுக்கு நான்தான் கயிறு பிடித்தேன்.

எழுபதுகளின் நடுவில் ஒருநாள், ஊரின் கலைஞர்களையும் தொழில்களையும் படம் எடுக்க மெட்ராஸிலிருந்து ஒரு வேனில் ஆட்கள் வந்தார்கள். சுற்றிக்காட்ட என்னைப் பிடித்துக்கொண்டார்கள். முதலில் மக்ரூன் கடை. சுட்டு அடுக்கியிருந்த மக்ரூனை மறுபடி அடுப்புக்குள் தள்ளி, அப்போதுதான் வெந்தது மாதிரி வெளியே எடுக்கச் சொன்னார் டைரக்டர். கடை அண்ணாச்சிக்கு முகமெல்லாம் பல். அடுத்து, வள்ளங்களுக்குப் பெயர் எழுதுகிற ஓவியர். எழுதி முடித்த பெயரின்மேல் காய்ந்த பிரஷ்ஷை ஓட்டிக்கொண்டே இருந்தார், பாவம். அவருக்கும் சந்தோஷம்தான். அடுத்தது திரேஸ்புரம் கரையில் எங்கள் வள்ளம். கடலிலும் இவர்கள் இப்படித்தான் மாற்றச் சொல்வார்களோ?

சொன்னார்கள். என் சோடாபுட்டிக் கண்ணாடியையும் ஒடிசல் உடம்பையும் பார்த்து டைரக்டர் முகம் சுளித்தார். மச்சானின் தம்பியோ தேக்குக்கட்டை மாதிரி இருப்பான்.

"கயிறு இவர் புடிக்கட்டும். அண்ணன் தம்பி பாசம்னு சொல்லிக்கலாம்."

"அது வழக்கமில்ல சார்" என்றேன்.

"ஒரு ஷாட்தானேப்பா."

மச்சான் என் தோளைத் தட்டினார். "விடு மாப்ள, படத்துக்குத்தான."

தம்பிமேல் எனக்குப் பகை எதுவுமில்லை. வலை இழுப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் மூச்சு முட்டுகிறவன் கயிற்றைப் பலமாக இழுக்கமாட்டான். அந்தச் சின்ன இழுப்பு பழகாத கைக்குத் தெரியாது.

நான் சும்மா இருக்கவில்லை. கேமரா பக்கத்து வள்ளத்தில் இருந்தது. எங்கள் வள்ளத்தின் அடியில், நாறும் சாக்குகளுக்கு நடுவே மல்லாந்து படுத்துக்கொண்டேன். தம்பியின் கையைத் தாண்டிப் பின்னால் கிடந்த மீதிக் கயிற்றை இறுக்கி என் மணிக்கட்டில் சுற்றினேன்.

ஆளைக் கீழே இறக்கும் எடைக்கல்லை மிதித்து மச்சான் கீழே போனார். "இங்க பாருங்க, சிரிங்க" என்று குரல் வந்தது. தம்பி சிரித்தான். காற்று நின்றுபோயிருந்தது. பலகையில் தண்ணீர் தட்டுவது என் காதுக்குக் கீழேயே கேட்டது. மச்சானின் மூச்சு எவ்வளவு தாங்கும் என்று எனக்குத் தெரியும்; நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். நூல் அசைந்த மாதிரி ஓர் இழுப்பு வந்தது. தம்பி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். நான் காலைப் பலகையில் உதைத்து இழுத்தேன். கயிறு நகர்வதைக் கண்டபிறகுதான் அவனும் இழுத்தான். மூக்கில் ரத்தத்தோடு மச்சான் மேலே வந்தார். டைரக்டர் கைதட்டினார்.

சில மாதம் கழித்து, கோயில் மைதானத்தில் திரை கட்டி அந்தப் படத்தைப் போட்டார்கள். அக்காளுக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது.

"ஏலே, நீ எங்கன இருந்த?"

"அடியில படுத்துக் கெடந்தேன்க்கா. நாந்தான் இழுத்தேன்."

அது தம்பியின் காதில் விழுந்துவிட்டது. "பொய் சொல்லுதான் மதினி. நான் தூக்குனத ஊரே பாத்துச்சே."

அவன் வேண்டுமென்று சொல்லவில்லை. படத்தைப் பார்த்தபிறகு தான்தான் தூக்கினோம் என்று மனசார நம்பினான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மச்சானும் நம்பிவிட்டார்.

"படத்துல என் கண்ணால பாத்தேன் மாப்ள. நீ கண்ணாடியப் போட்டுக்கிட்டு எதுக்குச் செரமப்படுத? இனிமே அவன் புடிக்கட்டும்."

அக்காள் சண்டை போட்டாள், அடுப்பைப் பற்றவைக்காமல் கிடந்தாள். நான் அவர் காலைப் பிடித்துக்கூடக் கேட்டேன். ஒரு திரைத்துணி சொன்னதை எங்கள் இருவராலும் மாற்ற முடியவில்லை.

சங்குக் காலம் தொடங்கிய அன்று விடியுமுன்பே கரைக்கு ஓடினேன். நான் வந்து மறிப்பேன் என்று முன்னாடியே கிளம்பிவிட்டார்கள். அக்காள் மட்டும் ஈர மணலில் நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

உச்சி வெயிலில் வள்ளம் திரும்பியது. மச்சானைச் சாக்குகளின்மேல் கிடத்தியிருந்தார்கள். "இழுப்பே வரல மதினி, மாதா சத்தியமா வரல" என்று தம்பி தலையில் அடித்துக்கொண்டு அழுதான். வந்திருக்கும். அவன் கைக்குத் தெரிந்திருக்காது.

படத்தின் பிரதி ஒன்றைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதனால் திருவிழாவுக்குத் திருவிழா அதைப் போட்டார்கள். மச்சான் தண்ணீருக்கு மேலே வந்து தலையை உதறும்போது சனம் கைதட்டும். அக்காள் ஒரேயொரு தடவைதான் வந்தாள். கைதட்டல் அடங்கும்வரை என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.