கடதாசிப் பிறந்த நாள்

மார்ச் மாதத்தில் ஒரு நாள் விடிந்ததும் என் கைபேசியில் வாழ்த்துகள் வந்து குவியும். வங்கி, பல் வைத்தியர், கார் டயர் மாற்றிய கடை என்று எல்லாருக்கும் என் பிறந்த நாள் தெரியும். அன்று நான் பிறக்கவில்லை. போருக்குள்ளிருந்து வந்த எங்களில் பலருக்கு இப்படியொரு கடதாசிப் பிறந்த நாள் இருக்கிறது. அலுவலகத்தில் கேக் வெட்டும்போது சிரித்துக்கொண்டு நிற்கப் பழகிவிட்டோம்.

இந்த வருடம் மிஞ்சிய கேக்கோடு, நாங்கள் குடியேறிய குவேக்கர்ஸ் ஹில் புறநகர் வீட்டுக்கு வந்து இறங்கியபோது, பக்கத்து வீட்டுக் கெவின் வேலியோரம் நின்றார். எழுபத்தைந்தைத் தாண்டியவர். எங்கள் தாளிப்பு மணம், விருந்தினரின் கார்கள், குப்பைத் தொட்டி எதுவும் அவருக்கு ஆகாது. அன்று தொட்டி அவருடைய பக்கம் அரை அடி போய்விட்டதாம். சமாதானமாகக் கேக்கை நீட்டி, இன்று பிறந்த நாள் என்றேன். அவர் அதைத் தொடவில்லை.

"என்னுடைய வருடத்தில் இந்தத் திகதி விழுந்தது" என்றார்.

ஏதோ லொத்தர் குலுக்கல் என்று நினைத்து, "பரிசு கிடைத்ததா?" என்று கேட்டுவிட்டேன்.

"வியட்நாம் கிடைத்தது."

இருபது வயதாகும் இளைஞர்களின் பிறந்த திகதிகளுக்கு ஒவ்வொரு கோலிக்குண்டு வைத்து, இந்த நாட்டு அரசாங்கம் பீப்பாயில் உருட்டி எடுத்ததாம். விழுந்த திகதியில் பிறந்தவன் இராணுவத்துக்கு; அப்படிப் போனவர்தான் கெவின். அந்தத் திகதிகள் எல்லாம் அவருக்கு இன்னும் மனப்பாடம். "நீ உன்னுடைய சண்டையை விட்டு ஓடிவந்தவன்தானே" என்றார்.

நான் ஓடவில்லை. வன்னியில் எனக்கும் சீலனுக்கும் பதினேழு வயது. இரட்டையர். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான். அவன் இடையில் விட்டுவிட்டு உழவு இயந்திரம் திருத்தப் போனவன். சண்டைக்கு வீட்டுக்கு ஒருவரைக் கேட்டு இயக்கம் வரப்போகிறது என்றதும், இடம்பெயர்ந்து போன ஊரில் எங்களை யாருக்கும் தெரியாத துணிவில், எனக்குப் பதினைந்து என்று அப்பா கிராம அலுவலரான விதானையாரிடம் கடிதம் எடுத்தார். நாளும் மாதமும் அந்த நேரம் அவர் வாயில் வந்தவை. அவருக்கு எழுத்துத் தெரியாது. "வயது சரியாப் போட்டிருக்கோ எண்டு பார்" என்று என்னிடம் நீட்டினார். வாசித்தேன். "ஓம்" என்றேன்.

அவர்கள் வந்தபோது சீலன் சட்டையை மாட்டிக்கொண்டு, "சின்னவன், ஒழுங்காப் படி" என்று என் தலையில் குட்டிவிட்டுப் போனான். பத்து நிமிடம் மூத்தவன். திரும்பி வரவில்லை.

ஆத்திரத்தில் இதையெல்லாம் கெவினிடம் கொட்டினேன், ஐப்பசியில் வரும் உண்மையான திகதியையும். அவர் வாய்க்குள் எண்ணிப் பார்த்தார். "அது விழவில்லை. இரண்டு பேரும் வீட்டில் இருந்திருப்பீர்கள்." பிறகு, "தொட்டியை எடு" என்றார்.

அந்த மனிதரை அப்போது வெறுத்தேன். அவர் கோலிக்குண்டைத் திட்டிவிட்டுப் படுக்கலாம். எனக்குத் திட்ட ஒரு முகம் இருக்கிறது. கிளிநொச்சியில் இருக்கும் அப்பாவுக்கு அழைத்தேன். குடியுரிமைப் படிவம் மூன்று மாதமாக மேசையில் கிடந்தது. வேறு பிறந்த திகதி உண்டா என்று அதில் ஒரு கேள்வி.

"அப்பா, உண்மையைப் போடப்போறன்."

"உனக்கென்ன விசரே? திருப்பி அனுப்பினாங்களெண்டா?"

"ஏன் சீலனுக்கும் கடிதம் எடுக்கேல்லை?"

"ரெண்டு பேரும் சின்னன் எண்டா ஆர் நம்புவினம்? ஒராளைக் குடுக்கத்தானே வேணும்." பிறகு சொன்னார், "நீதானே வாசிச்சனீ."

'ஆம்' என்ற கட்டத்தில் அடையாளமிட்டேன். காரணம் எழுத இரண்டு வரி விட்டிருந்தார்கள். முதல் வரியில் ஐப்பசித் திகதியையும் சீலனின் பெயரையும் எழுதினேன். நான் சொன்ன 'ஓம்' வரவேண்டிய மற்ற வரி இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது. வெளியே தொட்டி அரை அடி அந்தப் பக்கமாகவே நிற்கிறது. நான் அதை எடுக்கவில்லை.